தடுப்பு மாத்திரை

காலி பாட்டிலை மேஜைமேல் வைக்கும்போது வளர்மதி எப்போதும் மூடியை நன்றாகத் திருகித்தான் வைப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் வைத்தாள். வைத்துவிட்டுச் சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "இந்த ஊரு குளுரு நமக்கு ஆகாதுக்கா" என்றாள்.

பனிக்காலத்து டெல்லி. பகல் பதினொரு மணிக்கும் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கலந்த பால் மாதிரி ஒரு வெளிச்சம். அறையிலிருந்த ஹீட்டரின் இரண்டு கம்பிகளில் ஒன்று செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. புது ஹீட்டர் கேட்டு நான் எழுதிய கடிதம் எந்த மேஜையில் படுத்திருந்ததோ தெரியாது.

என் கையில் ஒரு தாள் இருந்தது. எங்கள் ஆய்வில் இருந்தவர்களின் ரத்தத்தைச் சேர்த்துவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாக, அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். அந்த முறை வந்த தாளில் வளர்மதியின் எண்ணுக்கு நேராக நான்கு மாதத்துக்கும் ஒரே பதில். மருந்து இல்லை.

குறைவாக இருந்தால் இரண்டு நாள் மறந்திருப்பாள் என்று நினைக்கலாம். அறவே இல்லை என்றால் என்ன நினைப்பது?

"வளர்மதி, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேனேக்கா. பாட்டிலத் தெறந்து பாருங்க, ஒண்ணு மிச்சமில்ல."

அவள் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். நான்தான் பார்வையைத் தாளுக்குத் திருப்பினேன்.

யார் இந்த வளர்மதி

அவள் பெயர் வளர்மதி இல்லை. ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். சிவகங்கைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் ஒப்பந்த வேலை. துவாரகாவில் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் பழைய குடியிருப்பு ஒன்றில் ஒற்றை அறை. கல்யாணமாகி நான்கு வருஷம், குழந்தை இல்லை.

கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது டெல்லிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு இல்லை. அப்படி ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகள்தான் எங்கள் ஆய்வுக்கு வேண்டியவர்கள். இருப்பவருக்குச் சிகிச்சை ஆரம்பிப்பார்கள். அவர் ரத்தத்தில் கிருமி அடங்குவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை, இல்லாதவருக்குத் தினமும் ஒரு மாத்திரை. அவருக்கு வராமல் இருப்பதற்காக.

அந்த மாத்திரை நல்ல மாத்திரை. தினமும் சாப்பிட்டால் காப்பாற்றும். குழந்தை வேண்டும் என்கிற தம்பதிக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. தெரிந்துதான் இருந்தது.

நானும் என் மெஷினும்

நான் மருத்துவர் இல்லை. எல்லோரும் "டாக்டர் மேடம்" என்று கூப்பிடுவார்கள், அது படித்து வாங்கிய பட்டம். என் வேலை ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களோடும், அதிலிருக்கும் அணுக்களை எண்ணும் மெஷினோடும். மனிதர்களோடு பேச வேண்டியதில்லை என்பதாலேயே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

நம் ரத்தத்தில் சி.டி.4 என்று ஒரு வகை வெள்ளணு உண்டு. கட்டட வேலையில் மேஸ்திரி மாதிரி. அது தானாகச் செங்கல் சுமக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற அணுக்களுக்கு எங்கே போய் எதைச் செய்வது என்று தெரியாது. எச்.ஐ.வி. வந்தால் இந்த மேஸ்திரிகள் குறைந்துகொண்டே போவார்கள். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் சாதாரணச் சளி, இருமல்கூட ஆளைச் சாய்த்துவிடும்.

ஏன் குறைகிறது? கிருமி உள்ளே புகுந்து கொல்கிறது என்றுதான் நானும் முதலில் படித்தேன். அப்புறம் பார்த்தால் கணக்கு இடித்தது. செத்துக் கிடந்த அணுக்களில் பெரும்பாலானவற்றில் கிருமி முழுசாகக் குடியேறவே இல்லை. பாதி நுழைந்து, பாதியில் தோற்றுப்போயிருந்தது. அந்த அரைகுறைத் துண்டுகளைப் பார்த்த அணு தானே பீதியடைந்து, அபாயச் சங்கு ஊதி, வெடித்துச் செத்திருந்தது. சங்குச் சத்தம் கேட்டு ஓடிவந்த அணுக்களுக்கும் அதே கதி.

இதை எல்லோரும் கேட்கும்படிச் சொன்னால் கதை மாதிரி இருக்கும். பன்னிரண்டு வருஷம் இருட்டறையில் உட்கார்ந்து எண்ணினால் கதை மாதிரி இருக்காது. முதுகு வலிக்கும். கண் எரியும். போன அணுக்களை முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை என்பது மட்டும் புரியும். அதனால்தான், இழக்காமல் இருக்க வழி பார்க்கிற ஆய்வு எங்கள் கட்டடத்துக்கு வந்தபோது நானே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

சேர்ந்த மறுநாளே ஒரு வேலை கொடுத்தார்கள். "தமிழ் தெரியுமல்லவா? ஒப்புதல் படிவத்தைத் தமிழில் போட்டுக் கொடுங்கள்."

லோதி ரோடு தமிழ்

இங்கே என் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து "டெல்லியில் பிறந்தும் எவ்வளவு சுத்தமான தமிழ்!" என்று கடிதம் எழுதுகிறீர்கள். படித்ததும் அந்தக் கடிதங்களை மடித்து உள்ளே வைத்துவிடுவேன். ஏன் என்று இந்த வாரம் தெரிந்துவிடும்.

அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடம். தெருவில் இறங்கினால் இந்தி. காய்கறிக்காரரிடம் "பையா, ஜல்தி" என்று அதட்டுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. தமிழ் இருந்தது வீட்டிலும் பாடப்புத்தகத்திலும் மட்டும். நிறைய மதிப்பெண் வாங்கினேன். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஆனால் ஒரு மொழியில் பெண்கள் தங்களுக்குள் பேசுவது என்று ஒன்று இருக்கிறதே, குழாயடியில், பிரசவ வார்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில், அந்தத் தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதெல்லாம் இந்தியில்தான் நடந்தது. உடம்பு பற்றிய பேச்சு எதுவும் எனக்குத் தமிழில் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

ஆங்கிலப் படிவத்தில் அந்த மாத்திரைக்கு நீளமான பெயர் இருந்தது. நோய் வருமுன் காக்கும் மருந்து என்கிற அர்த்தத்தில். நான் அதைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். "கிருமித்தொற்று முன்தடுப்பு மருந்து" என்றால் வாய் வலித்தது. கடைசியில் எல்லாவற்றையும் வெட்டி, "தினசரித் தடுப்பு மாத்திரை" என்று வைத்தேன். தடுப்பூசி என்கிறோம், தடுப்பணை என்கிறோம், அப்புறமென்ன? சொல் கச்சிதமாக உட்கார்ந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம்.

இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு முறை உண்டு. ஒருவர் தமிழில் போட்டதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் பொருந்தினால் மொழிபெயர்ப்பு சரி. எங்களுக்கு அதைச் செய்தவர் சுந்தரேசன் சார். அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர், ஓய்வு பெற்றவர், லோதி ரோட்டிலேயே முப்பது வருஷம் இருந்தவர்.

அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தோம். "தினசரி தடுப்பு" என்று நான் எழுதியிருந்ததில் நடுவே "த்" போட்டவர் அவர்தான். அந்த ஒற்று அங்கே மிகுமா மிகாதா என்று அரை மணி நேரம் பேசினோம். அவர் மனைவி இரண்டு தடவை காபி கொண்டுவந்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்மா. ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்" என்றார் சார்.

தடுப்பு என்பதை அவர் ஆங்கிலத்தில் போட்டபோது மூலத்தில் இருந்த அதே சொல் வந்து நின்றது. எங்களுக்கு இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை. ஒரு டெல்லித் தமிழர் எழுதியதை இன்னொரு டெல்லித் தமிழர் சரிபார்த்தால் வேறு எப்படி வரும்?

அச்சா, அச்சா

வளர்மதியை முதல் நாள் அழைத்து வந்தது ரேணு. எங்கள் ஆலோசகர், டெல்லிப் பெண், தங்கமானவள். ஒவ்வொரு தம்பதியிடமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவாள். ஆனால் இந்தியில் பேசுவாள். வளர்மதிக்குத் தெரிந்த இந்தி தக்காளி வாங்குவதோடு முடிந்தது. ரேணு சொல்லச் சொல்ல இவள் "அச்சா, அச்சா" என்று தலையாட்டியிருக்கிறாள்.

அதனால் தமிழ்ப் படிவத்தைப் படித்துக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். காலையில் எடுத்த ரத்தம் மெஷின் பக்கத்தில் காத்திருந்தது. அன்றைக்கே எண்ணாவிட்டால் வீணாகிவிடும். நான் ஒரே மூச்சில் படித்தேன். "இம்மாத்திரை தொற்று ஏற்படுவதற்கான வாய்ப்பைக் குறைக்கவல்லது" என்று நான் எழுதிய வாக்கியத்தை, நான் எழுதியது என்பதாலேயே கொஞ்சம் ரசித்தும் படித்தேன்.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சதுக்கா."

கையெழுத்துப் போட்டாள். நான் குழாய்களிடம் ஓடினேன்.

அதன்பிறகு மாதா மாதம் காலி பாட்டிலோடு வந்தாள். மற்றவர்கள் பாட்டிலில் நான்கு மிச்சமிருக்கும், ஆறு மிச்சமிருக்கும். இவளுடையதில் ஒன்றுகூட இருக்காது. "மேடம், உங்க ஊர்ப் பொண்ணு மாதிரி யாரும் இல்ல" என்று ரேணு இந்தியில் புகழ்வாள். ஒரு கூட்டத்தில் நானே அவளை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

எட்டு மணிக்கு, தினமும்

மறுபடி அந்தப் பனிக்கால அறைக்கு வருகிறேன்.

நான் தாளை மடித்து வைத்தேன். கோபமாக வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு மாதம் ஏமாற்றியிருக்கிறாளே என்று.

"வளர்மதி, ரத்தத்துல மருந்தே இல்லைன்னு வந்திருக்கு. நான் உன்னைத் திட்ட மாட்டேன். மாத்திரைய என்ன பண்ணே?"

அவள் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தண்ணில விட்டுட்டேங்க்கா. பாத்ரூம்ல. நீங்க சொன்ன மாதிரி காலைல எட்டு மணிக்கு, தெனமும் ஒண்ணு. மொத்தமா கொட்டுனா பாவம்னு தோணுச்சு."

"ஏம்மா?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீக? புள்ள வேணும்னு தவிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்குப் போயி தடுப்பு மாத்திரை குடுத்தா எப்படிக்கா முழுங்குவேன்?"

எனக்கு உடனே புரியவில்லை. அதுதான் வெட்கம். அவள் விளக்க வேண்டியிருந்தது.

"எங்க ஊர்ல நர்சம்மா இதத்தான குடுக்கும். தெனம் ஒண்ணு, ஒரே நேரத்துக்கு, ஒரு நா விட்டாலும் ஆகாதுன்னு. தடுப்பு போட்டிருக்கியா, தடுப்பு எடுத்துட்டியான்னுதான கேப்பாக. கூடவே இந்த ரேணு அக்கா உறையும் குடுக்குது. இங்க கதவுலயும் செவப்பு முக்கோணம் போட்டிருக்கு."

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். அந்த அறை எங்களுக்கு வருவதற்கு முன் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவாக இருந்தது. கதவில் அந்தக் காலத்துத் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் பாதி உரிந்து அப்படியே இருந்தது. நான் அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடியிருக்கிறேன்.

"அவுகளுக்கு வியாதி. புள்ளைக்கும் வந்துரும்னு, புள்ளையே வேணாம்னு தடுக்குறீகன்னு நெனச்சேன். வேணாம்னு சொன்னா அவுகளுக்கு வைத்தியத்த நிப்பாட்டிருவீகளோன்னு பயம். அதான் பாட்டில வாங்கிக்கிட்டுப் போனேன்."

"அப்போ... உறை?"

பதில் எனக்குத் தெரிந்ததுதான். குழந்தை வேண்டுமென்று தவிக்கிறவள் அதை மட்டும் எப்படிப் பயன்படுத்தியிருப்பாள்? கணவர் சிகிச்சையில்தான் இருந்தார். ஆனால் இரவு ஷிப்ட், பகல் தூக்கம், மாத்திரை விட்டுப்போய்க்கொண்டே இருந்தது. அவர் ரத்தத்தில் கிருமி இன்னும் அடங்கவில்லை என்பதை முந்தைய வாரம்தான் நான் என் கையால் பதிந்திருந்தேன்.

அவள் பிள்ளை பெறவும், கிருமியிலிருந்து தப்பிக்கவும், ஒரே வழியாக இருந்தது அந்த மாத்திரை. அதன்மேல் பிள்ளை பிறக்காது என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன்.

அவளைத் திட்டக் கூடாது என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தவள் நான்.

அன்றைக்கே ரத்தம் எடுத்தோம். வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

ஒரு குழாய்

குழாய்களின் மேல் பெயர் இருக்காது. எண்தான். இத்தனை வருஷத்தில் எந்த எண்ணுக்கும் எனக்கு முகம் தெரிந்ததில்லை. அந்த எண்ணுக்குத் தெரிந்தது.

மூன்று விதமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் முடிவு. முதலாவது பார்த்தேன். இரண்டாவதைப் பார்க்கச் சொல்லி இன்னொருவரிடம் கொடுத்தேன், என் கையைக் குற்றம் சொல்ல முடிந்தால் நல்லது என்று. மூன்றாவது வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றும் ஒரே பதிலைத்தான் சொன்னன. வந்துவிட்டது.

மூன்று மாதம் முன்பு பார்த்தபோது அவளுக்கு இல்லை. அப்போது அவள் மேஸ்திரிகள் நிறைவாக இருந்தார்கள். இப்போது எண்ணினேன். இறங்க ஆரம்பித்திருந்தது. எங்கே, எப்படி, எந்த வரிசையில் சாகிறது என்று பன்னிரண்டு வருஷமாக நான் படித்தது எல்லாம் அந்தக் குழாயில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. மெஷின் அறையில் அழக் கூடாது என்று சட்டமொன்றும் இல்லை, அழுதேன்.

மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு என்று ஒரு தாள் உண்டு. காரணம் எழுத வேண்டும். மறந்துவிட்டார், பக்க விளைவு, வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம், மற்றவை. எங்கள் தலைமை மருத்துவர், "பங்கேற்பாளர் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதிவிடுங்கள்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. தாள் நகர வேண்டும் அவருக்கு.

நான் "மற்றவை"யில், மாத்திரைக்கு வைத்த தமிழ்ப் பெயர் தவறு, வைத்தது நான் என்று எழுதினேன்.

"இத்தனை நேரடியாக வேண்டுமா?" என்றார்.

"வேண்டும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆய்வில் இருந்த மற்ற தமிழர்களை அன்று மாலையே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தி தெரியும். ரேணு சொன்னது புரிந்திருந்தது, என் படிவத்தை யாரும் படிக்கவே இல்லை. அவர்களைக் காப்பாற்றியது இந்தி. தமிழ்ப் பத்திரிகையில் இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சுந்தரேசன் சாரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை

முடிவைச் சொல்வது ஆலோசகரின் வேலை. ரேணு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தீதி, நீங்கதான் சொல்லணும், என் பாஷை அவளுக்குப் போதாது" என்றாள். என் பாஷையும் போதவில்லை என்பது அவளுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது.

வேறு அறைக்குப் போனோம். முக்கோணம் இல்லாத கதவாகப் பார்த்து நான்தான் கேட்டு வாங்கினேன். வளர்மதி தனியாக வந்திருந்தாள். கணவருக்கு டியூட்டி மாற்றிக் கொடுக்கவில்லையாம்.

முந்தைய நாள் முழுக்க வாக்கியங்களை எழுதி எழுதி அடித்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் நினைவில் இல்லை.

"வளர்மதி, அவருக்கு இருக்கிற கிருமி உனக்கும் வந்திருச்சு."

நிறுத்தினால் முடியாது என்று தொடர்ந்தேன்.

"அந்த மாத்திரை புள்ளையத் தடுக்கிறது இல்லம்மா. இந்தக் கிருமி உனக்கு வராம இருக்கத்தான் குடுத்தோம். நான் பேரு தப்பா வச்சுட்டேன். தப்பு உன்னுது இல்ல. என்னுது."

ரேணு தண்ணீர் கொடுத்தாள். வளர்மதி வாங்கி இரண்டு வாய் குடித்தாள். தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று நான் தயாராக இருந்தேன். கேட்கட்டும் என்றுகூட இருந்தது.

"அப்ப இனிமே எனக்குப் புள்ள கெடையாதாக்கா?"

"யார் சொன்னா? உண்டு. இன்னைக்கே உனக்கு வேற மாத்திரை ஆரம்பிக்கிறாங்க. தினமும் சாப்பிட்டா ரத்தத்துல கிருமி அடங்கிரும். அடங்கின பிறகு டாக்டர் சொல்றப்ப பெத்துக்கலாம். கூடவே இருந்து பாத்துப்பாங்க. புள்ளைக்கு வராம பெத்துக்கலாம்."

"நெசமாவா?"

"நிஜம்."

"அப்ப மொதல்ல குடுத்தீகளே, அதச் சாப்பிட்டிருந்தா?"

பொய் சொல்ல ஒரு நொடி ஆசைப்பட்டேன். சொல்லவில்லை.

"அதச் சாப்பிட்டிருந்தாலும் பெத்திருக்கலாம். உனக்கும் வராம, புள்ளைக்கும் வராம."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை. தக்காளி விலை விசாரிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

"புள்ள பெத்துக்கிற மாத்திரைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மொத நாளே முழுங்கியிருப்பேனேக்கா."